120, நான்கு, ஒரு கட்டை

அக்கா மகள் மடிக்கணினியில் புதிய பாட்டு ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம் திரையின் உச்சியில் மூன்று விவரங்கள் வந்து உட்காருகின்றன. வேகம் 120. தாளம் நான்கு. சுருதி சி மேஜர், நம் கணக்கில் ஒரு கட்டை. அவள் இன்னும் ஒரு சுரம்கூட வாசித்திருக்கமாட்டாள். அதற்குள் இத்தனையும் முடிவாகிக் காத்திருக்கும். சுவரில் தொங்கும் பழைய காலண்டரைப்போல அது அவள் கண்ணில் படுவதே இல்லை. என் கண் முதலில் அங்கேதான் போகிறது. மிடி கோப்புகளுக்கு 1988ல் வகுத்த விதியும் இதேதான்: வேகம் சொல்லப்படாவிட்டால் நிமிடத்துக்கு 120 அடி என்று எடுத்துக்கொள், தாளம் சொல்லப்படாவிட்டால் நான்குக்கு நான்கு என்று எடுத்துக்கொள். வீட்டுக் கணினியில் இசை பழகுகிறவர்களுக்கு இந்தக் கால் நூற்றாண்டில் எல்லாமே மாறிவிட்டது. இந்த வெற்றுத் திரை மட்டும் மாறவில்லை.

நான் பழகியது 1997ல், கும்பகோணத்தில். எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஓர் அண்ணன் இருந்தார். கச்சேரிக் காசைச் சேர்த்து, சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, ஒரு கணினியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். 16 எம்பி நினைவகம், 1.2 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 95, கேக்வாக் மென்பொருள், சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 அட்டை. பகலில் அதில் உள்ளூர் கேபிள் டிவிக்காக நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு இசை செய்வார். இரவு ஒன்பதுக்குமேல் நாங்கள் நாலைந்து பையன்கள் மாடியேறிப் போவோம். அவர் நாற்காலியில் இருக்க, பின்னால் நின்று பார்ப்போம். எங்களுக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். அவர் டீ குடிக்க இறங்கிப் போகிற பத்து நிமிடம் எங்கள் சாதகம்.

வேறு எங்கே போய்க் கற்பது? மென்பொருள் யாரோ பிரதி எடுத்துக் கொடுத்த சிடியில் வந்தது. காசு கொடுத்து வாங்காததால் அதற்குக் கையேடு கிடையாது. எஃப்1 விசையை அழுத்தினால் ஆங்கிலத்தில் உதவிப் பக்கங்கள் வரும். அதை ஒருவன் வாசிக்க, இன்னொருவன் பொருள் சொல்ல, மூன்றாமவன் செய்து பார்ப்பான். எதற்கென்று தெரியாத மெனுக்கள் பல மாதம் தெரியாமலேயே கிடந்தன. கரண்ட் போனால் சேமிக்காத வேலையும் போகும். ஒவ்வொரு எட்டு அடிக்கும் ஒருமுறை கை தானாகக் கண்ட்ரோல் எஸ்ஸை அழுத்தும் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.

ஆனால் அந்த அறையில் ஒருவருக்கும் இது ஆகாத காரியம் என்ற நினைப்பு வந்ததில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஏ.ஆர். ரஹ்மான் 1992ல் 'ரோஜா'வுக்கு இசையமைத்தபோது அவருடைய ஸ்டூடியோ கோடம்பாக்கத்தில் அவர் வீட்டுப் பின்புறத்திலேயே இருந்தது. வீட்டோடு ஒட்டிய ஓர் அறையிலிருந்து அப்படியொரு ஒலி வர முடியும் என்பது சிறிய ஊர்ப் பையன்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை இன்று விளக்குவது கடினம். அதற்கும் ஆறு ஆண்டுகள் முன்பே, 1986ல், 'புன்னகை மன்னன்' இசைக்கு இளையராஜா யமஹாவின் சிஎக்ஸ்5எம் என்ற சிறிய கணினியைப் பயன்படுத்தியிருந்தார். வீட்டுக்கென்று செய்யப்பட்ட கணினி அது. அண்ணன் இதைச் சொல்லும்போது குரல் தழைந்துவிடும், கோவிலில் பேசுவதுபோல.

எல்லாவற்றுக்கும் அடியில் மிடி இருந்தது. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில், இரண்டு வேறு நிறுவனங்களின் கீபோர்டுகளைக் கம்பியால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றதும் ஒலிக்கும்படி காட்டினார்கள். அந்தக் கம்பியில் ஒலி போவதில்லை. எந்த விசை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டாய் என்ற எண்கள் மட்டும் போகும். நடு சி என்பது 60. அழுத்தம் 0 முதல் 127 வரை. எண்கள் என்பதால் இடம் பிடிக்காது. 1.44 எம்பி ஃப்ளாப்பி ஒன்றில் ஐம்பது பாட்டுகளின் மிடி கோப்புகள் தாராளமாக அடங்கும். அதே ஃப்ளாப்பியில் சிடி தரத்தில் ஒருவர் குரலைப் பதிந்தால் எட்டு விநாடியோடு நிரம்பிவிடும். அதனால்தான் எங்கள் தலைமுறை கணினி இசையை எண்களாகவே கற்றது. பட்டியல் ஒன்றைத் திறந்து, சுரத்தின் எண், அழுத்தத்தின் எண், தொடங்கும் நேரம், நீளம் என்று வரிவரியாகத் தட்டுவோம். கடையில் கணக்கெழுதுகிறவர்களைப்போல உட்கார்ந்திருப்போம். ஆனால் 90 அழுத்தத்துக்கும் 75 அழுத்தத்துக்கும் காதில் என்ன வித்தியாசம் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

ஜெனரல் மிடி என்ற பொது வரிசையில் 128 வாத்தியங்கள். பியானோ ஒன்றில் தொடங்கும். 105ல் சிதார், 112ல் ஷெனாய். வீணை இல்லை. நாகஸ்வரம் இல்லை. தாள வாத்தியங்களுக்கென்று ஒதுக்கிய பத்தாவது சேனலில் பாங்கோ உண்டு, காங்கோ உண்டு. மிருதங்கமும் தவிலும் இல்லை. ஆகவே சிதார்தான் எங்கள் வீணை, ஷெனாய்தான் எங்கள் நாகஸ்வரம், 62 முதல் 64 வரையான காங்கோ ஒலிகள்தான் மிருதங்கம். கோவில் திருவிழாவுக்கு ஒரு கேசட் செய்து கொடுத்தபோது, அம்பாள் புறப்பாட்டுக்கு ஷெனாயை இழுத்து இழுத்து மல்லாரி மாதிரி ஒன்றை உண்டாக்கினோம். கேட்டவர்கள் குறை சொல்லவில்லை. எங்களுக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் ஒரு மாதத்துக்குமேல் தோடியோடு மல்லுக்கட்டினேன். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. கீழே ரிஷபத்துக்கும் மேலே மத்யமத்துக்கும் நடுவே அசையும். கீபோர்டின் இடது ஓரத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம் ஒன்று இருக்கும். வழக்கமாக அது இரண்டு அரைச்சுரம் மேலே, இரண்டு அரைச்சுரம் கீழே வளைக்கும். காந்தாரத்தை அழுத்திக்கொண்டு சக்கரத்தை முழுக்கத் தள்ளினால் சரியாக மத்யமம், முழுக்க இழுத்தால் சரியாக ரிஷபம். யாரோ ஜப்பான்காரர் தோடிக்கென்றே அளந்து வைத்ததுபோல எனக்குத் தோன்றியது. சக்கரத்தை ஆட்டிப் பதிந்தேன். இடம் எல்லாம் சரி. ராகம் மட்டும் வரவில்லை.

எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒரே ஆள் வீட்டில் இருந்தாள். அக்கா ஏழு வயதிலிருந்து வீணை கற்றவள். ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் பையன்கள் கூடும் மாடி அறைக்குப் பெண்ணை அனுப்புகிற வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. அவள் வரவா என்று கேட்கவில்லை. கூப்பிடவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இன்று எழுதும்போது அது முள்ளாகக் குத்துகிறது. அப்போது நான் செய்தது, கணினியிலிருந்து டேப் ரெக்கார்டருக்கு ஒயர் போட்டு, என் காந்தாரத்தைக் கேசட்டில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான். அக்கா சமையலறையில் நின்றபடியே கேட்டாள்.

"ஒரே வேகத்துல ஆட்டறேடா. மேல தொட்டதும் திரும்பணும். கீழ கொஞ்சம் இருக்கலாம். மேல இருக்கக்கூடாது."

மறுநாள் இரவு அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு சைக்கிளில் போனேன். சக்கரத்தை விட்டுவிட்டு, பட்டியலைத் திறந்து, வளைவின் எண்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். உச்சி 8191, அங்கே இரண்டே வரிகள், உடனே இறக்கம். மறுபடி கேசட், மறுபடி சமையலறை. ஐந்தாறு கேசட் பயணங்களுக்குப்பிறகு அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப கிட்ட வந்திருக்கு" என்றாள். அந்த மாடி அறையில் செய்த எந்த வேலைக்கும் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அது. அவளோ அதுவரை அந்தக் கணினியைப் பார்த்ததுகூட இல்லை.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். அண்ணன் வீட்டுக்கு எதிரில் தவில் வாசிக்கும் பெரியவர் ஒருவர் குடியிருந்தார். சத்தம் கேட்டு ஒருநாள் மாடியேறி வந்தார். காங்கோவில் நாங்கள் அமைத்திருந்த தாளத்தைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லா இருக்கு தம்பி. நாலே வருதே, ஏழு வருமா இதுல?"

மிஸ்ர சாப்பு வரும், மாத்திரையை மாற்றினால் போதும் என்றார் அண்ணன். பெரியவர் கேட்டது அதுவல்ல. ஓர் அடிக்குள் ஏழு. மிஸ்ர நடை. போட்டுப் பார்த்தோம், வரவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆயிற்று. கேக்வாக் ஓர் அடியை 120 துகள்களாகப் பிரித்து வைத்திருந்தது. மூன்றால் வகுத்தால் 40, நான்கால் 30, ஐந்தால் 24. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம் மூன்றும் முழு எண்ணாக விழும். ஏழால் வகுத்தால் 17 போக மீதி ஒன்று நிற்கும். அந்த மீதி ஒவ்வோர் அடியிலும் எங்காவது ஒரு சொல்லைத் தள்ளிவிடும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு துகள் என்பது நான்கு மில்லி விநாடி. அது பெரியவர் காதில் விழுந்தது. "அஞ்சாவது கொஞ்சம் பிந்துது" என்று திரையைப் பார்க்காமலே சொன்னார். பிறகு துகள் எண்ணிக்கையையே மாற்றும் இடம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தோம். 168 என்று வைத்தால் ஏழுக்கு 24 விழும். பெரியவர் தொடையில் தாளம் போட்டு ஓர் ஆவர்த்தனம் முழுக்கச் சொற்கட்டைச் சொல்லிச் சேர்ந்து முடித்தார். அன்று எனக்குப் பதினெட்டு வயது. லயம் என்பது வகுத்தல் கணக்கு என்று எவ்வளவோ பேர் சொல்லக் கேட்டிருந்தும், அன்றைக்குத்தான் அது கையில் பிடிபட்டது.

அவருடைய தவிலையே பதிந்து வைத்தோம். ஏடபிள்யூஇ32 அட்டையில் 512 கேபி நினைவகம் உண்டு. நம் ஒலிகளை அதில் ஏற்றி விசைகளில் பொருத்திக்கொள்ளலாம். 512 கேபியில் சிடி தரத்தில் ஒற்றைத் தடமாக ஆறு விநாடிகூடக் கொள்ளாது. தரத்தைப் பாதியாகக் குறைத்தால் பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவு. தொப்பிப் பக்கம் நான்கு ஒலி, வலந்தலையில் ஆறு, கூடவே மிருதங்கத்தின் மீட்டு ஒன்று, சாப்பு ஒன்று. ஒவ்வொன்றின் வாலையும் எங்கே வெட்டினால் இடம் மிச்சமாகும், எங்கே வெட்டினால் உயிர் போகும் என்று இரவெல்லாம் கேட்போம். எங்கள் கச்சேரி மேளம் முழுவதும் அந்தப் பன்னிரண்டு விநாடிக்குள் குடியிருந்தது.

அக்காவின் வீணையையும் பதிய ஒருமுறை முயன்றோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், அப்பா துணையோடு, ஆட்டோவில் மடியில் கிடத்தி வீணையைக் கொண்டுபோனோம். கச்சேரி மைக்கை நீட்டி வைத்தோம். நிமிடத்துக்குப் பத்து எம்பி என்பதால் ஹார்டு டிஸ்கில் பழைய விளம்பரங்களை அழித்து இடம் செய்திருந்தார் அண்ணன். சுருதி மூன்று கட்டை, தோடி வர்ணம், ஆதி தாளம். பின்னால் மற்ற வாத்தியங்களைச் சேர்க்கவேண்டுமானால் கணினியின் அடியோடு வாசித்தாகவேண்டும். அக்கா காதில் ஹெட்போனை மாட்டி, டிக் டிக்கென்ற கிளிக்கை ஓடவிட்டோம்.

முதல் ஆவர்த்தனம் பொருந்தி வந்தது. இரண்டாவதில் ஒரு பிரயோகத்தின் முடிவில் அவள் வழக்கம்போல் ஒரு மூச்சு தாமதித்தாள். கிளிக் தாமதிக்கவில்லை. மறுபடி எடுத்தாள். அதே இடம். மூன்றாம் முறை, அவள் மூச்சை விழுங்கிக்கொண்டு ஓடினாள். அடி சேர்ந்தது, வர்ணம் செத்துப்போயிற்று. எல்லோருக்கும் தெரிந்தது.

"இது எனக்காக ஒரு நொடி நிக்காதாடா?"

"நிக்காதுக்கா."

விரல்களில் மாட்டியிருந்த கம்பி வளையங்களைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டு மூடினாள். அப்பா ஆட்டோ கூப்பிடப் போனார். அடுத்த ஆண்டு அவளுக்குக் கல்யாணமாயிற்று. வீணை உறையோடு பல ஊர் மாறியது.

அவள் மகள் இதற்குள் வந்தது வேறு வாசல் வழியாக. 2020ல் ஊரடங்கின்போது பள்ளிக்கூடம் போனில் நடந்தது. போனை அவள் கையில் கொடுத்தாகவேண்டிய நிலை. வகுப்பு முடிந்த கையோடு பேண்ட்லேப் செயலியைத் திறந்து, மேசையைத் தட்டிய ஒலியைப் பதிந்து, அதன்மேல் பாடிவைத்திருந்தாள். யாரையும் கேட்கவில்லை. யார் பின்னாலும் நிற்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. எத்தனை வசதி வந்தாலும் எனக்கு இந்த ஒன்றுதான் முதலில் நெஞ்சில் படுகிறது: அறை அவள் இருக்கிற இடத்துக்கு வந்துவிட்டது. அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு.

அண்ணன் பிரதியாக வைத்திருந்த கேக்வாக்கின் வாரிசை 2018ல் அதே பேண்ட்லேப் நிறுவனம் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தது. சிங்கப்பூர் நிறுவனம் அது. எங்கள் சவுண்ட் பிளாஸ்டரைச் செய்த கிரியேட்டிவ் நிறுவனமும் சிங்கப்பூர்தான். ஆப்பிள் 2004லேயே கராஜ்பேண்டைக் கொண்டுவந்துவிட்டது. இன்று மென்பொருள் கிடைக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொல்லமுடியாது. சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். யூடியூபில் தமிழிலேயே, "இங்க ஒரு ஆட்டோமேஷன் போட்டுக்கோங்க, ரிவெர்ப் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்று நிதானமாகச் சொல்கிற குரல்களைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. எஃப்1 பக்கத்தை மூன்று பேர் சேர்ந்து உடைத்த இரவுகள் இனி யாருக்கும் தேவையில்லை. அது கஷ்டம்தான், அதில் பெருமை கொண்டாட எனக்கு மனம் இல்லை.

ஆனால் ஒரு கஷ்டத்தை மட்டும் அவளுக்கு வேண்டுமென்றே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ராஜா பாட்டு ஒன்றில் பேஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்று தெரிந்துகொள்ள, நாங்கள் கேசட்டை நாலு நொடி ஓடவிட்டு, பின்னால் சுற்றி, மறுபடி ஓடவிட்டு, பென்சிலால் எழுதுவோம். நாடா தேயும். ஒரு பாட்டுக்கு ஒரு வாரம். 2019ல் டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற நிரலை வெளியிட்டதிலிருந்து நிலைமை வேறு. கலந்த பாட்டிலிருந்து குரலைத் தனியாக, பேஸைத் தனியாக, டிரம்ஸைத் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. இப்போது இசை மென்பொருள்களுக்குள்ளேயே இந்த வசதி வந்துவிட்டது. அக்கா மகள் ஒரு நிமிடத்தில் பிரித்துக் கேட்டுவிடுவாள். நான் அவளிடம் வைத்த வேண்டுகோள்: முதலில் காதால் எழுது, பிறகு பிரித்துச் சரிபார். முதல் தடவை பாதிக்குமேல் தவறாக வந்தது. ஆறு மாதத்தில், கலவைக்குள் பேஸ் ஒளிந்துகொள்ளும் இடங்களை அவளே சொல்ல ஆரம்பித்தாள். "மாமா, இந்த இடத்துல பிரிச்சுக் கொடுத்ததே தப்பு. டிரம்ஸோட சத்தத்தை பேஸ்ல சேர்த்திடுச்சு" என்று ஒருநாள் சொன்னாள். கேட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

அவளுடைய சிரமம் எங்களுக்கு இல்லாத ஒன்று. பன்னிரண்டு விநாடி மேளத்தோடு இருந்த எங்களுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே கிடையாது. அவள் கணினியில் பேஸ் டிரம் ஒலி மட்டும் எத்தனை நூறு என்று அவளுக்கே தெரியாது. நல்லதைத் தேடி ஒரு சாயங்காலம் போய்விடும். நான்கு மாத்திரை அளவில் அழகான சுழற்சி ஒன்று அமையும். அதைத் தாண்டிப் பாட்டு நகராது. அப்படி நின்றுபோனவை அறுபதுக்குமேல் ஒரு ஃபோல்டரில் கிடக்கின்றன. எங்கள் வேலைகள் முடிந்ததற்குக் காரணம் திங்கட்கிழமை காலை நகைக்கடைக்காரர் வந்து நிற்பார் என்பதுதான். இப்போது மாதத்துக்கு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று எப்படி இருந்தாலும் ஒரு பாட்டை முடித்து எனக்கு அனுப்பவேண்டும் என்று ஏற்பாடு. நகைக்கடைக்காரர் இடத்தில் நான்.

எழுத்தில் கேட்டால் பாட்டையே செய்து கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் அவள் முயன்று பார்த்தாள். ஒரு நிமிடத்துக்குள் குரலோடு, வாத்தியங்களோடு பாட்டு வந்தது. இரண்டு முறை கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இதுல எதைப் பிடிச்சு மாத்தறதுன்னு தெரியல" என்று மூடிவைத்தாள். பழகுகிறவளுக்கு வேண்டியது கைப்பிடிகள். எங்கள் பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஒரு கைப்பிடியாக இருந்தது.

தோடியும் ஏழும் இன்று எப்படி? வீணை, மிருதங்கம், தவில், பறை எல்லாம் தனித்தனி அடிகளாகப் பதியப்பட்டு நூலகங்களாகக் கிடைக்கின்றன. ஓர் அடிக்குள் 960 துகள்கள். ஏழால் வகுத்தால் இப்போதும் மீதி நிற்கிறது. ஆனால் ஒரு துகள் அரை மில்லி விநாடியாகிவிட்டதால் அந்தத் தவில் பெரியவர்கூடக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே நேரத்தில் பல சுரங்களைத் தனித்தனியாக வளைக்கும் எம்பிஇ என்ற ஏற்பாடு 2018ல் மிடி விதிகளில் சேர்ந்தது. அதற்குமுன் சக்கரத்தைத் தொட்டால் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரமும் சேர்ந்தே ஆடும். இயந்திரம் நம் பக்கம் நிறைய நகர்ந்து வந்திருக்கிறது. ஆனாலும் திறக்கும்போது 120, நான்கு, ஒரு கட்டை. மாற்றலாம் என்று தெரிந்தவள் மாற்றுவாள். தெரியாத எத்தனை பிள்ளைகள் நம் தாளத்தை நாலாக மடக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

சென்ற பொங்கல் விடுமுறையில் வேளச்சேரியில் அக்கா வீட்டில் இருந்தேன். உறையைப் பிரித்து, வீணைக்குப் புதுக் கம்பி போட்டு, மெழுகு கட்டிய மேளத்தைச் சரிபார்த்து வாங்கிவந்து ஒரு வருடம் ஆகிறதாம். சாயங்காலங்களில் வாசிக்கிறாள். கூடத்தில் மகள் மைக்கை வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கினாள். அக்கா ஹெட்போனைப் பார்த்ததும் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"எனக்கு அந்த டிக் டிக் வேண்டாம்."

"டிக் டிக்கே கிடையாதும்மா. நீ பாட்டுக்கு வாசி. அது உன் பின்னால வரும்."

உண்மைதான். வாசித்து முடித்த பதிவைக் கேட்டு, அடி எங்கெங்கே விழுகிறது என்று கணித்து, தன் கட்டங்களை அதற்கேற்ப நீட்டிச் சுருக்கிக்கொள்ளும் வசதி லாஜிக் மென்பொருளில் 2018லேயே வந்துவிட்டது. எனக்குப் பெயராகத் தெரியும். கண்ணால் பார்த்ததில்லை.

அதே தோடி வர்ணம். விரல்கள் பழைய வேகத்தில் இல்லை. காந்தாரம் பழைய காந்தாரம்தான். மேலே தொட்டதும் திரும்பியது. முடித்தபிறகு மகள் கணக்கிடச் சொன்னாள். சில இடங்களில் மென்பொருள் தாளத்தைத் தப்பாகப் பிடித்தது, ஓரிடத்தில் இரட்டிப்பாக எண்ணியது. அவள் தொடையில் தாளம் போட்டபடி அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக இழுத்து அடியின்மேல் வைத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. உச்சியில் 120 என்று இருந்த இடத்தில் இப்போது ஒரு நீண்ட வரிசை: 71.4, 72.0, 70.8, 73.1.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் வந்தாள்.

"என்னடி இதெல்லாம்?"

"நீ போன வேகம்மா. ஒவ்வொரு அடிக்கும்."

அக்கா விரலால் வரிசையைத் தொடர்ந்து போனாள். இரண்டாம் ஆவர்த்தனம் முடிகிற இடத்தில் 64.2 என்று ஓர் எண் இறங்கி, அடுத்ததிலேயே மறுபடி ஏறியிருந்தது. விரல் அங்கே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்கதாண்டா அன்னிக்கும் நின்னேன்."

மகள் புதிய தடம் ஒன்றைத் திறந்து, மிருதங்கத்தின் முதல் அடியை அந்த 64.2க்குப் பிறகு வைத்தாள்.